புதுக்கணக்கும் பழைய மீதியும்

இரவு பதினொரு மணி. வீட்டுப் பெரியவருக்குத் திடீரென நெஞ்சு நோகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. முச்சக்கர வண்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. அவருடைய கிளினிக் கொப்பி எங்கே? அடையாள அட்டை எங்கே? அலுமாரியின் மேற்றட்டிற் பார்த்தவர் லாச்சியைத் திறக்கிறார். லாச்சியைத் திறந்தவர் சுவாமிப் படத்தின் பின்புறத்தைத் தடவுகிறார். அவை இருக்குமிடம் வீட்டு அம்மாவுக்குத் தெரியும். அம்மாவோ மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்புக்குப் போயிருக்கிறார். தொலைபேசி மணி அடித்துக்கொண்டேயிருக்கிறது, எடுப்பாரில்லை. கொப்பி அந்த வீட்டிலேதான் இருக்கிறது. அது தொலையவுமில்லை, களவு போகவுமில்லை. ஆயினும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அது இல்லாத பொருளாகவே ஆகிவிடுகிறது.

இக்காட்சியிற் கண்ட வீடு அழுக்கடைந்த வீடெனக் கொள்ளவேண்டியதில்லை. முற்றம் நாள்தோறும் கூட்டப்படுகிறது. குசினியில் ஏனங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன. துப்புரவும் ஒழுங்கும் ஒன்றென எண்ணுவது பரவலான மயக்கமாகும். வேண்டிய பொருளை வேண்டிய வேளையில், வைத்தவரைக் கேளாமலே, வீட்டில் எவரும் எடுக்கக்கூடியதாக வைத்திருப்பதே ஒழுங்கு எனப்படும். ஒருவருடைய நினைவில் மாத்திரம் இடம்பெற்றிருக்கும் பொருளுக்கு உண்மையில் இடமேயில்லை. அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுத் தாயாகவே இருக்கிறார். அவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கும் இச்சுமையை எவரும் வேலையெனக் கணக்கிடுவதில்லை.

இலங்கைத் தமிழர் வீடுகளில் ஆண்டு இருமுறை பிறக்கிறது. கந்தோருக்கும் வங்கிக்கும் ஜனவரி முதலாந் திகதி. மருத்துநீருக்கும் கைவிசேடத்துக்கும் சித்திரை முதலாம் நாள். இவ்விரு நாள்களிலும் வீட்டைத் திருத்தவேண்டும், வேலையைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் மக்களிடத்தே இயல்பாக எழுகிறது. இது வெறும் மனமயக்கமன்று. 2014 ஆம் ஆண்டில் டாய், மில்க்மன், றீஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் வெளியிட்ட கட்டுரையொன்று, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம், பிறந்தநாள் ஆகியவற்றை அடுத்து உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்வோர் தொகை கூடுவதை எடுத்துக் காட்டியது. பழைய தவறுகளைப் பழைய காலத்தோடு விட்டுவிட்டதாக மனம் கருதிக்கொள்வதே இதற்குக் காரணமென அவர்கள் விளக்கினர். எனவே, நாள் பார்த்துத் தொடங்குவதில் ஒரு பயன் உண்டு.

பயன் எங்கே கெடுகிறதென்பதை அறிய, நம் ஊர்க் கடைக்காரரின் புதுக்கணக்கை நோக்கலாம். அவர் நல்ல நேரத்திற் புதுக் கொப்பியைத் திறந்து, பிள்ளையார் சுழியிட்டு எழுதத் தொடங்குகிறார். பார்ப்போர் கண்ணிற்படுவது அவ்வளவுதான். அதற்கு முன்னரே அவர் கடையிலுள்ள சரக்கை எண்ணி, பழைய கணக்கை முடித்து, எவர் எவ்வளவு தரவேண்டும், எவருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைக் கூட்டிவைத்திருக்கிறார். பழைய மீதி புதுக் கொப்பியின் முதற்பக்கத்துக்கு வந்துசேர்கிறது. மீதியைக் கொண்டுவராமற் புதுக்கணக்கு எழுதும் வணிகர் ஆண்டு முடிவதற்குள் கடையைப் பூட்டவேண்டியவராவார். வெனிசு நகரில் 1494 ஆம் ஆண்டில் அச்சேறிய தமது நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கிய லூக்கா பச்சியோலி என்னும் துறவியும், வணிகன் முதலிற் செய்யவேண்டியது தன்னிடமுள்ளன அனைத்தையும் ஒரே நாளிற் பட்டியலிடுவதே எனக் கூறித்தான் மேலே செல்கிறார்.

வீடுகளிற் செய்யப்படும் புத்தாண்டுத் தீர்மானங்களில் இம்மீதியே விடுபட்டுப் போகிறது. புதுக் கொப்பி வாங்கப்படுகிறது. பழைய மீதி எழுதப்படுவதில்லை. காலஞ்சென்ற தந்தையாரின் பெயரிலேயே இன்னும் வந்துகொண்டிருக்கும் மின்சாரப் பட்டியல், மகளின் பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்துப் பிழையாக விழுந்த பெயர், அயல்வீட்டாரிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடாத ஏணி, மூன்று மாதமாகச் சொட்டும் குழாய், ஐந்தாண்டாகத் தொடாத வங்கிக் கொப்பி: இவை எல்லாம் மீதிகள். இவற்றுட் சில சிறியன. சில, மகள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளிற் பெரும் பூதமாகக் கிளம்புவன.

முடியாத வேலைகள் வேறு வேலைகளினிடையே மனத்திற் புகுந்து இடையூறு செய்வதை மசிகாம்போ, போமைஸ்ரர் என்னும் ஆய்வாளர் இருவர் 2011 ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று கவனிக்கத்தக்கது. அவ்வேலை முடிக்கப்படாவிடினும், எப்போது, எங்கே, எவ்வாறு அதைச் செய்வதென்று திட்டவட்டமாகக் குறித்துக்கொண்ட மாத்திரத்தில் அந்த இடையூறு தணிந்தது. ஆகவே மீதிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு திகதியும், செய்பவர் பெயரும் எழுதப்படல் வேண்டும். “ஒருநாளைக்குப் பார்ப்பம்” என்பது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாளாகும்.

பட்டியலில் முதலிடம் பெறவேண்டியவை வீட்டுப் பத்திரங்கள். இதனை இந்நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. போர்க்காலத்தில் வன்னியிலும் பிறவிடங்களிலும் இடம்பெயர்ந்தோர் பலர், உடுத்த உடையோடு கொண்டுசென்றது பத்திரங்கள் சுற்றிய ஒரு பொலித்தீன் பையையே. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி எழுந்தபோது, இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியோர் பலருக்கு, தாம் யார், தமது வளவு எது என்பதை நிறுவுவதற்குரிய துண்டுக் காகிதமும் இல்லாது போயிற்று. இழந்தவற்றைத் திரும்பப் பெறுவது அன்று எளிதாயிருக்கவில்லை.

ஆனாற் பத்திரங்களைப் பொறுத்தவரை, அவற்றின் விவரக் குறிப்பொன்று வேறிடத்தில் இருப்பின் பாதி வேலை முடிந்ததாகும். காணி உறுதியை எடுத்துக்கொள்வோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். அவ்வாறு முடிக்கப்பட்ட உறுதியின் ஒரு பிரதி உரியவர் கைக்கு வருகிறது; மற்றொன்றை நொத்தாரிசு தம்மிடம் வைத்துக்கொள்கிறார்; இன்னொன்று காணிப் பதிவகத்துக்குச் செல்கிறது. உரியவர் கையிலுள்ளது எரிந்துபோயினும் நனைந்துபோயினும், உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி பெறும் வழி உண்டு. அவை தெரியாதவர் பதிவேடுகளிடையே அலையவேண்டும். பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றின் சான்றிதழ்களுக்கும் பதிவிலக்கமும் திகதியும் பதிவுப் பிரிவும் இவ்வாறே துணைசெய்யும்.

எனவே ஒரு வீட்டுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, பத்திரங்கள் அனைத்தையும் கொண்ட, நீர் புகாத ஒரே பை. மற்றது, அவற்றின் இலக்கங்களையும் திகதிகளையும் எழுதிய ஒற்றைத் தாள். பை வீட்டிலிருக்க, தாளின் பிரதி உடன்பிறந்தார் வீட்டிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ இருத்தல் நலம். இக்காலத்திற் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைப்போரும் உளர். நல்லதே. ஆனால் அத்தொலைபேசியைத் திறக்கும் இரகசிய இலக்கம் ஒருவருக்கு மாத்திரம் தெரியுமாயின், பழைய கதைதான்: அம்மா மட்டக்களப்பில் இருக்கிறார்.

பொருளுக்கு இடம் வகுக்கும் முறையை ஒரு நிறுவனம் முழுவதற்கும் விரித்துக் காட்டிய எடுத்துக்காட்டு தலைநகரிலேயே உண்டு. கொழும்பு பொறளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 2000 ஆம் ஆண்டளவில், வைத்திய கலாநிதி விமல் கரந்தாகொடவின் தலைமையில், யப்பானியத் தொழிற்சாலைகளிற் கையாளப்பட்ட ஒரு முறையைத் தனதாக்கிக் கொண்டது. செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெத்சு, சித்சுகே என்னும் ஐந்து யப்பானியச் சொற்களால் அம்முறை வழங்கப்படுகிறது. வேண்டாதவற்றைப் பிரித்து அகற்றல், வேண்டியவற்றுக்கு இடம் வகுத்தல், துப்புரவாக்கல், அவ்வொழுங்கை எல்லாரும் அறியும் விதியாக்கல், அவ்விதியிற் பழகி நிலைத்தல் என்பன அவற்றின் பொருள். ஐந்தனுள் துப்புரவு மூன்றாவதாகவே வருகிறது. வேண்டாததை அகற்றாமல் துடைக்கத் தொடங்குவோர் குப்பையையே பளபளப்பாக்குவர்.

மகப்பேற்று வைத்தியசாலையில் இது வெறும் அழகுக்குரிய ஏற்பாடன்று. பிள்ளை பிறந்தபின் தாய்க்குக் குருதிப் பெருக்கு ஏற்படின், நிமிடங்களே அவளுடைய உயிரை நிச்சயிக்கின்றன. மருந்தும் ஊசியும் எங்கேயெனத் தாதி மற்றொரு தாதியைக் கேட்கவேண்டியிருத்தல் கூடாது. இரவுக் கடமைக்குப் புதிதாக வந்தவரும் அதே தட்டை அதே இடத்திற் காணவேண்டும். அந்த வைத்தியசாலையின் அனுபவம் கடல் கடந்தும் சென்றது. 2007 ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியாக, தன்சானியா, உகண்டா முதலிய ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் இலங்கைக்கு வந்து இம்முறையைக் கற்றுச் சென்றனர்.

பின்னர் இம்முறை நாட்டின் அரச கந்தோர்கள் பலவற்றுக்கும் பரவியது. பரவியவிடத்தெல்லாம் அதன் உயிர் உடன் சென்றதெனச் சொல்லமுடியாது. மேசைமேல் மஞ்சட் கோடு கீறித் தொலைபேசிக்கும் பசைப் போத்தலுக்கும் இடம் குறித்துவிட்டு, சுவரில் ஐந்து சொற்களையும் தொங்கவிட்ட கந்தோர்கள் உண்டு. அங்கே அலுவலாகச் செல்லும் குடிமகன் “அந்த இலிகிதர் இன்று லீவு, நாளைக்கு வாருங்கள்” என்ற மறுமொழியோடு திரும்புவதும் உண்டு. பசைப் போத்தலின் இடம் எல்லாருக்கும் தெரிகிறது; அவருடைய கோவையின் இடம் ஒருவருக்கே தெரிகிறது. பருத்தித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த முதியவருக்கு அந்த மஞ்சட் கோட்டினால் ஆவதொன்றுமில்லை.

முன்னைய தலைமுறை இலிகிதர்கள் கையாண்ட எளிய வழக்கம் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. மறுமொழிக்காகக் காத்திருக்கும் கோவையை மேசையிற் குவித்து வைக்காமல், இன்ன திகதியில் மீண்டும் முன்வைக்குக எனக் குறித்து, அத்திகதிக்குரிய நாட்குறிப்பிலும் எழுதிவிட்டு, அலுமாரியில் அதற்குரிய இடத்தில் வைப்பர். காலையில் நாட்குறிப்பைப் பார்த்தால் அன்றைக்குரிய கோவைகள் தாமே எழுந்து வரும். இலிகிதர் வராத நாளிலும் நாட்குறிப்பு மேசையில் இருக்கும். அயலில் இருப்பவர் அதைப் பார்த்துக் கருமமாற்றலாம். கணினியும் மின்னஞ்சலும் வந்த இக்காலத்திலும் இதைவிடச் சிறந்த உபாயம் கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கருவி மாறியதேயன்றி முறை மாறவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரும் இதே பணியைச் செய்யவல்லது. பாடசாலைக் கூட்டம், கிளினிக் நாள், சீட்டுக்காசு கட்டும் நாள் எல்லாம் அதில் எழுதப்படுமாயின், தகப்பனும் பிள்ளைகளும் தாயைக் கேளாமலே நடந்துகொள்வர்.

இனி, தொடங்கியது நிலைக்குமா என்பது கேள்வி. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளரும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010 ஆம் ஆண்டில் அச்சில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு புதுச் செய்கை முயற்சியின்றி நிகழும் வழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாள்கள் சென்றன. சிலருக்கு 18 நாள் போதுமாயிருந்தது, சிலருக்கு 254 நாள் வரை வேண்டியிருக்குமெனக் கணிக்கப்பட்டது. ஜனவரி முதலாந் திகதி தொடங்கியவருக்கு 66 ஆம் நாள் மார்ச்சு மாதம் முதல் வாரத்தின் முடிவில் வருகிறது. தைப்பொங்கலுக்குள் உற்சாகம் வடிந்துவிட்டதெனக் கவலைப்படுவோர், பயணத்தின் கால்வாசியைத்தான் கடந்திருக்கிறார்கள். அதே ஆய்வில், இடையில் ஒருநாள் தவறியதாற் பெருங்கேடு நேரவில்லையென்பதும் தெரியவந்தது. ஒருநாள் தவறியதும் “இந்த முறையும் சரிவரவில்லை” என்று முழுவதையும் கைவிடுவோரே மிகுதி. அவர்களுக்கு இச்செய்தி ஆறுதல் தரும்.

ஆகையாற் பெருந்திட்டங்கள் வேண்டியதில்லை. சாவிக்கு ஓர் ஆணி. வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கும் பட்டியல்களுக்கும் ஒரு தட்டு. வெள்ளி மாலையில் அத்தட்டைக் கவிழ்த்துப் பிரிக்கக் கால் மணி நேரம். பத்திரங்களுக்கு ஒரு பை. மீதிகளுக்கு ஒரு கொப்பி. ஆணியை அறைபவர் வீட்டின் உயரம் குறைந்த பெரியவருடைய கைக்கும் எட்டும்படி அறைவாராக.

இவ்வளவும் செய்தபின், ஞாயிற்றுக்கிழமை பின்னேரமொன்றில், தாய் தேநீர்க் கோப்பையுடன் திண்ணையில் அமர்ந்திருக்க, வீட்டிற் கடைசிப் பிள்ளையிடம் அப்பப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்துவரும்படி சொல்லிப் பார்க்கலாம். தாய் வாய் திறக்கக் கூடாது. பிள்ளை எந்த இடத்தில் நின்று தடுமாறுகிறதோ, அந்த இடமே அடுத்த வாரத்து வேலை.