இளம் விண்மீன் எச்சங்களும் எக்ஸ் கதிர் தொலைநோக்கிகளும்

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கும் அதிகமான பொருண்மையுடைய விண்மீன் ஒன்றின் எரிபொருள் தீர்ந்ததும், அதன் உட்பகுதி சரிந்து, வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. இதனைச் சூப்பர்நோவா என்பர். வெடிப்பின் ஒளி சில மாதங்களில் மங்கிவிடும். சிதறிய பொருளோ பல்லாயிரம் ஆண்டுகள் விரிந்து செல்லும். இவ்வெச்சங்களுள் சில நூறாண்டுகளே ஆனவற்றை ஆராய்வதில் தனிப் பயன் உண்டு. முதிர்ந்த எச்சத்தில் விண்மீனின் பொருள் சுற்றுப்புற வாயுவுடன் கலந்துவிடுகிறது. இளம் எச்சத்தில், வெடிப்பு நிகழ்ந்த விதத்துக்கான தடயங்கள் இன்னும் கலையாமல் இருக்கின்றன.

வெடிப்பின் அதிர்வலை வாயுவை ஒரு கோடி டிகிரிக்கும் மேல் சூடேற்றுவதால், அது எக்ஸ் கதிர்களை வீசுகிறது. சிலிக்கன், கந்தகம், இரும்பு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் வீசும். ஆகவே எந்தத் தனிமம் எங்கே உள்ளது என்று வரைபடமே தீட்டிவிடலாம். ஆனால் பூமியின் வளிமண்டலம் இக்கதிர்களை உறிஞ்சிவிடுகிறது. உயிர்களுக்கு அது காப்பு, வானியலாருக்கு இடையூறு. எனவேதான் கருவிகளை விண்ணுக்கு அனுப்ப வேண்டியுள்ளது. நேராக விழும் எக்ஸ் கதிரைச் சாதாரணக் கண்ணாடி திருப்பி அனுப்பாது. குளத்து நீரின்மேல் சாய்வாக எறிந்த சில்லு தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாக விழும் கதிர் மட்டுமே தெறிக்கும். அதற்கேற்பக் குழாய் வடிவக் கண்ணாடிகளை ஒன்றனுள் ஒன்றாகப் பொருத்துகின்றனர்.

1999 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய 'சந்திரா' தொலைநோக்கி இவ்வகையினது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்கியுள்ளது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது வெளியிட்ட முதற்படம் காசியோப்பியா-ஏ என்னும் எச்சத்தினுடையது. 11,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இதன் வெடிப்பொளி, சுமார் 340 ஆண்டுகளுக்கு முன் பூமியை அடைந்திருக்க வேண்டும். எச்சத்தின் நடுவே, சரிந்த உட்பகுதியின் மிச்சமான நியூட்ரான் விண்மீன் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

விண்மீனின் ஆழத்தில் உருவாகும் இரும்பு, சில இடங்களில் சிலிக்கனுக்கு வெளியே காணப்பட்டது வியப்பளித்தது. வெடிப்பு எல்லாத் திசையிலும் சீராக நிகழவில்லை, உட்பொருள் புரண்டு வெளிவந்துள்ளது என்பது இதனால் புலனாயிற்று. இவ்வெச்சத்திலுள்ள இரும்பு மட்டும் பூமியைப்போல் சுமார் 70,000 மடங்கு எடையுள்ளது எனக் கணக்கிட்டுள்ளனர்.

எனினும் ஒரு படத்தைவிடப் பல ஆண்டுப் படங்களின் தொடரே முக்கியமானது என்பது என் கருத்து. இவ்வெச்சத்தின் விளிம்பு ஆண்டுக்குச் சுமார் 0.3 வில்விநாடி நகர்கிறது. (ஒரு டிகிரியின் 3,600இல் ஒரு பங்கே வில்விநாடி.) சந்திரா பிரித்தறியும் நுட்பமோ 0.5 வில்விநாடி. ஆகவே சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் அசைவை நேரடியாகவே அளந்துவிடலாம். 19 ஆண்டுப் படங்களை ஒப்பிட்ட விஞ்ஞானிகள், மேற்குப் பகுதியின் உள் அதிர்வலை வெளிநோக்கிச் செல்லாமல் மையம் நோக்கித் திரும்புவதை 2022இல் அறிவித்தனர். விண்மீன் முன்னரே உதிர்த்திருந்த அடர்ந்த வாயுக்கூட்டில் வெடிப்பலை மோதியது இதற்குக் காரணமாயிருக்கலாம் என்பர்.

இவ்விடத்தில் செலவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023 நிதியாண்டில் சந்திராவின் இயக்கச் செலவு சுமார் 6.8 கோடி டாலர். 2025ஆம் நிதியாண்டுக்கு அதனை 4.1 கோடியாகக் குறைக்க 2024இல் யோசனை முன்வைக்கப்பட்டபோது வானியலார் கடுமையாக எதிர்த்தனர். முதலீடு என்றோ முடிந்துவிட்டது. ஆண்டுதோறும் கிடைக்கும் ஒவ்வொரு புதிய படமும் முந்தைய படங்கள் அனைத்தின் மதிப்பையும் உயர்த்துகிறது. இடையில் அறுந்த தொடரைப் பிற்காலத்தில் எத்தொகை கொடுத்தும் மீட்க இயலாது. 2015இல் நம் நாடு ஏவிய ஆஸ்ட்ரோசாட், 2023இல் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் ஆகியவை இப்பணிக்கு ஈடாகா. எக்ஸ்ரிசம் கதிரின் ஆற்றலை மிக நுட்பமாகப் பகுத்தறியும். ஆனால் அதன் படங்களில், விளிம்பின் 0.3 வில்விநாடி நகர்வு கண்ணுக்கே படாது.