பீப் சத்தம் வந்தா போதுமா?

எந்த சிம்போசியத்துக்குப் போனாலும் ஒரு ‘கண்ணிவெடி கண்டுபிடிக்கும் ரோபோ’ கட்டாயம் இருக்கும். நாலு சக்கரம், ஒரு ஆர்டுயினோ, அடியில மெட்டல் சென்சார். சார்ட் பேப்பருக்குக் கீழ இருக்கிற ஆணி மேல வண்டி போனதும் பஸ்ஸர் கத்தும், எல்லாரும் கை தட்டுவாங்க. செய்யட்டும், தப்பில்லை. ஆனா நிஜமான வேலை அந்த பஸ்ஸர் கத்தினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

இலங்கையின் வடக்கில் முகமாலைன்னு ஒரு ஊர். ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போகிற ஏ-9 சாலையில் இருக்கு. 2000-லிருந்து போரின் கடைசிக் கட்டம் வரைக்கும் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவிலான முன்னரங்கு இந்தப் பக்கம்தான். இரண்டு தரப்பும் வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். அங்கே மக்கள் அதை மிதிவெடின்னு சொல்றாங்க. போர் 2009-ல் முடிந்தும் ஊர்க்காரங்க உடனே வீடு திரும்ப முடியலை.

மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியும். சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சி சட்டுனு நிறுத்தினா, பக்கத்துல இருக்கிற உலோகத்துல சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது அடங்குறதைச் சுருள் திரும்பப் பிடிக்கும். கவனிங்க, இது தேடுறது உலோகத்தை, வெடிமருந்தை இல்லை. முகமாலையில் ராணுவம் புதைத்த பி-4 ரகத்துக்கு உடம்பு பிளாஸ்டிக், உள்ளே இருக்கிற உலோகம் ரொம்பக் கொஞ்சம். புலிகள் செய்த ஜானி-95 ஒரு மரப்பெட்டி. இதைப் பிடிக்கணும்னா டிடெக்டரோட உணர்திறனை ஏத்தணும். ஏத்தினா, அதே மண்ணுல கிடக்கிற தோட்டா, ஷெல் சிதறல், முள்கம்பித் துண்டு எல்லாத்துக்கும் அது கத்தும்.

மெஷின் லேர்னிங் எடுத்தவங்களுக்கு இது பழகின தலைவலி. மினி ப்ராஜெக்ட்ல 97 சதவீதம் வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். இங்கே விட்டுப்போன மூணுல ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட கால். அதனால ஒண்ணுகூட தவறக் கூடாது. அதுக்கு விலையா எத்தனை பொய்ச் சத்தம் வந்தாலும் தாங்கணும். ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடின்னே நம்பி, முன்னாடி சின்னக் குழி தோண்டி, பக்கவாட்டில் இருந்து மெல்ல மண்ணைச் சுரண்டிக்கிட்டே போகணும். மிதிவெடி மேலிருந்து வர்ற அழுத்தத்துக்குத்தான் வெடிக்கும்ங்கிறதால இந்தப் பக்கவாட்டு வழி. முகக்கவசம் போட்டுக்கிட்டு வெயில்ல மணிக்கணக்கா முட்டி போட்டு இதைச் செய்றவங்கள்ல நிறைய பேர் அந்தப் பகுதிப் பெண்கள்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி எலக்ட்ரானிக்ஸே இல்லாத ஒண்ணு: நீளக் கைப்பிடி வெச்ச வாரி. இலங்கையில் மணல் பாங்கான இடங்களில் டிடெக்டரை ஓரமா வெச்சுட்டு, குறிப்பிட்ட ஆழம் வரைக்கும் மொத்த மண்ணையும் வாரியால் பக்கவாட்டில் இழுத்துக் கலைச்சாங்க. பொய்ச் சத்தம்ங்கிற பிரச்சினையே கிடையாது. தப்பித்தவறி வெடிச்சாலும் கைப்பிடி நீளம் அளவுக்கு ஆள் தள்ளி இருப்பாங்க. தூரம் கூடக் கூட வெடிப்பின் வேகம் மளமளன்னு குறையும்.

கம்போடியாவில் வேற வழி. அபோபோ அமைப்பு பழக்கின ஆப்பிரிக்கப் பெரிய எலிகள் வெடிமருந்தையே மோப்பம் பிடிக்கும், பழைய இரும்பைக் கண்டுக்காது. டெர்ரிட்டரி பிரிச்சு வேலை கொடுத்தா, ஒரு டென்னிஸ் மைதான அளவை அரை மணி நேரத்துல முடிச்சிடும். டிடெக்டரோட போற ஆளுக்கு அதே வேலைக்கு நாலு நாள் வரை ஆகலாம். மகாவான்னு ஒரு எலி, 39 கண்ணிவெடிகளைக் கண்டுபிடிச்சு 2020-ல் தங்கப் பதக்கமே வாங்குச்சு!

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2028-க்குள் எல்லாத்தையும் அகற்றி முடிக்கணும். ஆனா வேலியும் எச்சரிக்கைப் பலகையும் போட்ட இடத்துக்கு வெளியேயும் வெடிக்காத ஷெல்கள் கிடக்கு. குப்பைக்குத் தீ வைக்கும்போதும், பழைய இரும்பு பொறுக்கி விற்கப் போகும்போதும் விபத்து நடக்குது. அதனாலதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்ப் படம் காட்டிச் சொல்லித் தர்றாங்க: தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவங்ககிட்ட சொல்லு.