சிறு துரும்பும் பல் குத்த உதவும்: ஸ்பிரிங் பிளஞ்சர் பற்றி ஒரு பார்வை



ஜிக்ஸ் அண்டு ஃபிக்சர்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 3-2-1 தத்துவம், டிரில் புஷ், ஸ்டிராப் கிளாம்ப். பரீட்சைக்கு இது போதும். ஆனால் ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்தால், பல ஃபிக்சர்களில் விரல் நுனி அளவு சாமான் ஒன்று சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அதுதான் ஸ்பிரிங் பிளஞ்சர். பாடப் புத்தகத்தில் இதற்கு நாலு வரிதான் கிடைக்கும். ஆகவே நான் பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அது என்ன சாமான்?

வெளியே மரை வெட்டிய சின்ன உடம்பு, உள்ளே ஒரு கம்ப்ரஷன் ஸ்பிரிங், நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பின். அவ்வளவுதான். பின்னுக்குப் பதில் குண்டு இருந்தால் அது பால் பிளஞ்சர். சாக்கெட் ஸ்பேனர் செட்டில், கைப்பிடியின் சதுர முனையில் ஒரு குண்டு துருத்திக்கொண்டு நிற்குமே, சாக்கெட் நழுவாமல் பிடிக்கிறதே, அதுவும் இதே ஜாதிதான்.

இதற்கு மூன்று வேலைகள். ஒன்று, ஜாபை லொகேட்டர் பின்னோடு ஒட்டித் தள்ளுவது. இரண்டு, சுற்றும் தட்டையோ நகரும் ஸ்லைடையோ குறித்த இடத்தில் 'டக்' என்று நிறுத்துவது. மூன்று, வேலை முடிந்த ஜாபைக் கொஞ்சம் மேலே எழுப்பிவிடுவது.

டிவைடிங் ஹெட்டில் கிராங்க் பின்னை இழுத்து அடுத்த ஓட்டையில் விடுகிறோமே, அது இண்டெக்ஸ் பிளஞ்சர். கையால் இழுத்தால்தான் விடும். ஸ்பிரிங் பிளஞ்சரோ பக்கவாட்டில் அழுத்தித் தள்ளினாலே விட்டுவிடும். ஆகவே உறுதியாகப் பூட்ட வேண்டிய இடத்தில் இதைப் போடவே கூடாது.

நம்ம ஊரில் ஏன் முக்கியம்?

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்லும் பம்ப்செட்டும் பெருகின. 1937-ல் மோட்டாரும் இங்கேயே செய்துவிட்டார்கள். இன்றும் பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் வார்ப்பிரும்புச் சாமான்கள் குவிந்து கிடக்கும். வார்ப்பு என்றால் ஒன்று போல் ஒன்று இருக்காது. அரை மில்லி, ஒரு மில்லி கூடும், குறையும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஜாபையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பதற்குத்தான் ஸ்பிரிங் வேண்டியிருக்கிறது.

டிரெயினிங்குக்குப் போன ஒரு பம்ப் யூனிட்டில் (பேர் வேண்டாம்) பிராக்கெட்டில் நாலு ஓட்டை போடும் ஜிக் இருந்தது. ஒரு நாள் வரிசையாக ஓட்டை சென்டர் தள்ளிப் போயிற்று. "ஒழுங்கா லோடு பண்ணல" என்று ஆபரேட்டருக்குத் திட்டு, அரை நாள் கூலி வெட்டு. மறுநாள் வயதான ஃபிட்டர் ஒருவர் பிளஞ்சரைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். கறுப்பாக வார்ப்பிரும்புப் பொடி கொட்டியது. பின் உள்ளேயே சிக்கிக்கொண்டு, ஜாபைத் தள்ளவே இல்லை. லொகேட்டருக்கும் ஜாபுக்கும் நடுவில் சந்து இருக்கும்போதே கிளாம்ப் இறுகியிருக்கிறது. "ஏனுங் சார், பையன் மேல என்னங் தப்பு? இதப் பாருங், பூராப் பொடி" என்றார். காரணம் தெரிந்தது. வெட்டின கூலி மட்டும் திரும்பி வரவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேட்டலாக்கில் ஆரம்ப விசை, இறுதி விசை, ஸ்ட்ரோக் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜாபின் எடை 4 கிலோ, அதாவது சுமார் 40 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், நகர்த்த 12 நியூட்டன் வேண்டும். பொடி, பிசிறு எல்லாம் சேர்த்து இரண்டரை மடங்கு, 30 நியூட்டன் என்று எடுப்போம். கையில் உள்ள பிளஞ்சருக்கு ஆரம்பம் 20, இறுதி 60 நியூட்டன், ஸ்ட்ரோக் 5 மி.மீ. அப்படியானால் ஒரு மில்லிக்கு 8 நியூட்டன் ஏறும். 3 மி.மீ. அமுங்கினால் 20 + 24 = 44 நியூட்டன். வார்ப்பு ஒரு மில்லி சின்னதாக வந்தாலும் 36 இருக்கும். போதும். இதையே 1 மி.மீ. மட்டும் அமுங்கும்படி வைத்தால் 28தான். சாமான் ஒன்றுதான், வைக்கிற விதத்தில் கெட்டுப்போகிறது.

பலமான ஸ்பிரிங்கே போட்டுவிடலாமே என்று தோன்றும். மெல்லிய சுவர் உள்ள ஜாப் வளையும். நாள் முழுக்க லோடு செய்கிறவர் கை விட்டுப்போகும்.

சுற்றும் தட்டுக்கு வேறு கணக்கு. 90 டிகிரி வி-பள்ளத்தின் சரிவில் குண்டு உட்கார்ந்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்க்கையில், ஸ்பிரிங் விசையும் பக்கவாட்டு விசையும் சமம். 50 மி.மீ. ஆரத்தில் 44 நியூட்டன் என்றால் 2.2 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் தட்டு நழுவும். பள்ளம் 120 டிகிரி என்றால் இந்த எண் பாதிக்குச் சற்று மேல்தான்.

மாட்டும்போது கவனிக்க:

1. பிளஞ்சர் ஒதுக்கித் தள்ளத்தான், பிடித்து நிறுத்த அல்ல. டிரில், கட்டர் விசையை லொகேட்டரும் கிளாம்பும்தான் தாங்க வேண்டும்.

2. பின்னை முழுக்க உள்ளே போகும்வரை அமுக்க விடாதீர்கள். பிறகு அது ஸ்பிரிங் அல்ல, வெறும் போல்ட்.

3. முனை மேலே பார்த்தபடி இருந்தால் சிப்பும் பொடியும் உள்ளே இறங்கும். படுக்கையாகவோ கீழ்நோக்கியோ வையுங்கள்.

4. அலுமினியம், பாலிஷ் செய்த பரப்பு என்றால் பிளாஸ்டிக் முனை போடுங்கள். ஸ்டீல் முனை கீறிவிடும். சூடான இடத்தில் பிளாஸ்டிக் வேண்டாம்.

5. அதிர்வில் மரை தளரும். லாக் நட்டோ நைலான் பேட்சோ அவசியம்.

6. மாற்றுவதற்கு வழி விட்டு டிசைன் செய்யுங்கள். ஃபிக்சரையே பிரித்தால்தான் பிளஞ்சர் வரும் என்றால், யாரும் மாற்ற மாட்டார்கள்.

நாளை நம்மில் சிலர் டிசைன் டிபார்ட்மெண்டில் இருப்போம், சிலர் சூப்பர்வைசர் ஆவோம். ரிஜெக்ஷன் வந்தால் முதலில் ஆளைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். ஷிஃப்ட் தொடங்கும்போதே பிளஞ்சரை விரலால் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. ஒரு தொழிலாளியின் அரை நாள் கூலி அதில் அடங்கியிருக்கிறது.