முந்தானையைச் சப்பும் பூனை!

இரவில் அம்மா படுத்ததும் பூனை மெல்ல வருகிறது. முன்னங்கால்களால் முந்தானையை மாற்றி மாற்றி மிதிக்கிறது. மாவு பிசைவது போலப் பிசைகிறது. கண் சொக்குகிறது. பிறகு துணியை வாயில் வைத்துச் சப்புகிறது!

"இதென்ன பீடை!" என்று பாட்டி விரட்டுகிறாள்.

பீடை அல்ல, பாட்டி! அது பால்குடி ஞாபகம்.

குட்டி, தாயின் வயிற்றை இப்படித்தான் பிசையும். பிசைந்தால் பால் சுரக்கும். வளர்ந்த பின்னும் மெத்தென்ற துணியும் உடம்புச் சூடும் கிடைத்தால் பழைய பழக்கம் திரும்பி விடுகிறது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிகளிடம் இது வரக்கூடும். சயாமியப் பூனைகளிடம் அதிகம். பரம்பரையும் ஒரு காரணம்.

ஆகவே, அடிக்காதீர்கள். சப்புவதால் கெடுதல் இல்லை. விழுங்கினால்தான் ஆபத்து! நூல் குடலில் சிக்கினால் குடலையே அறுத்து விடும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால், பிடித்து இழுக்கவே கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தையல் பெட்டியை மூடி வையுங்கள்.

எங்கள் பூனைக்கு என் பழைய துண்டையே கொடுத்துவிட்டேன். நூல் பிரிந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். பிரிந்தால், வேறு துண்டு!