திண்டோரியின் திராட்சைத் தோட்டத்தில் ஓர் இரவு

நாசிக் நகரைக் கடந்து திண்டோரி செல்லும் சாலையில் திரும்பியதுமே இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் இது. பிப்ரவரி மாதத்தில் பகல் வெயில் சுடுகிறது. பொழுது சாய்ந்தால் சால்வையைத் தேட வேண்டியிருக்கிறது. பகலின் வெம்மை பழத்தில் இனிப்பை ஏற்ற, இரவின் குளிர் அதன் புளிப்பைக் காத்து வைக்கிறது. இனிப்பும் புளிப்பும் ஒருசேர நிற்கும் பழமே ஒயினுக்கு உகந்தது. இந்தியாவின் ஒயின் தலைநகர் என்னும் பெயர் நாசிக்குக்கு வாய்த்ததில் இந்தத் தட்பவெப்பத்துக்கும் பங்குண்டு.

நாங்கள் தேடிச் சென்றது பெரிய ஆலையை அன்று. நம் வங்கியின் நீண்டகால வாடிக்கையாளரான ஒரு விவசாயக் குடும்பம், தன் சொந்த நிலத்துப் பழத்தைக் கொண்டு நடத்திவரும் சிறிய ஒயின் ஆலை அது. இக்கட்டுரை மதுவுக்கு விளம்பரமாகிவிடலாகாது என்பதால் குடும்பத்தின் பெயரையும் ஒயினின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம். அங்கே ஒயின் தயாரிப்பவர் அக்குடும்பத்தின் மூத்த மருமகள். தொழிலாளர்கள் அவரைத் 'தாயி' என்று அழைக்கின்றனர். மராத்தியில் அச்சொல்லுக்கு அக்கா என்று பொருள். நம் காதுக்கு வேறொன்றாக ஒலித்தாலும், பொருத்தமாகவே பட்டது.

தாயி எங்களை அமரச் சொல்லவில்லை. நேரே தோட்டத்துக்கு அழைத்துச் சென்று ஆளுக்கொரு பழம் பறித்துத் தந்தார். "விதையைத் துப்பாமல் மெல்லுங்கள்" என்றார். ஷிராஸ் என்னும் கருந்திராட்சை வகை. நாம் கடையில் வாங்கும் பழத்தில் பாதியளவுகூட இல்லை. தோல் தடிப்பு, சதை குறைவு. விதை நெறுநெறுவென உடைந்து வறுத்த கொட்டையின் சுவை தந்தால் பழம் பக்குவமடைந்துவிட்டது. பச்சையாகத் துவர்த்தால் இன்னும் நாள் இருக்கிறது. எங்களுக்குத் துவர்த்தது. அவர் பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்து, அதன் கண்ணாடியில் ஒரு துளிச் சாற்றை இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். சர்க்கரையின் அளவு 22 பிரிக்ஸ். செவ்வொயினுக்கு 24 வேண்டும் என்பது அவர் கணக்கு.

"இன்னும் நான்கைந்து நாள்" என்றவர், வானத்தை அண்ணாந்து பார்த்தார். மறுநாள் இரவு ஆலங்கட்டி மழைக்கு வாய்ப்புண்டு என்று காலையிலேயே அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வந்திருந்தது. 2014ஆம் ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரத்தைத் தாக்கிய ஆலங்கட்டி மழையை இப்பகுதி விவசாயிகள் எவரும் மறக்கவில்லை. அரை மணி நேரம் போதும், ஓராண்டு உழைப்பு தரையில் கிடக்கும்.

ஓராண்டு உழைப்பு என்பது இங்கே மிகையன்று. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால் போதும். நம் மண்ணில் கொடிக்கு உறக்கமில்லை. எனவே ஏப்ரல் வெயிலில் ஒரு கவாத்து, மழை ஓயும் வேளையில் காய்ப்புக்காக மற்றொன்று என இருமுறை வெட்ட வேண்டும். மழைக்காலம் முழுவதும் அடிச்சாம்பல் நோயுடன் போராட வேண்டும். அதற்குத் தெளிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை நம் ஊர்த் தோட்டக்காரர்களும் நன்கறிவர். பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் நகரமான போர்டோவின் பெயரே அதற்கு வாய்த்தது என்பதைத் தாயி சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

இக்குடும்பம் முன்னர் உண்ணும் திராட்சையையே பயிரிட்டு வந்தது. 2000ஆம் ஆண்டில் நாசிக்கின் சுலா நிறுவனம் தன் முதல் ஒயினை வெளியிட்டது. 2001இல் மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. பலரும் ஒயின் திராட்சைக்கு மாறினர், இவர்களும் மாறினர். பழத்தை ஓர் ஆலை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். 2008இன் இறுதியில் உலகப் பொருளாதார மந்தமும், நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலும் சேர்ந்து விடுதிகளை வெறிச்சோடச் செய்தன. விற்காத ஒயின் ஆலைகளில் தேங்கியது. அடுத்த அறுவடைக்கு அந்த ஆலையின் லாரி வரவில்லை. பழம் கொடியிலேயே வற்றியது. ஒயின் திராட்சையைச் சந்தையில் உண்பதற்கு வாங்குவாரும் இல்லை.

புனேயில் நுண்ணுயிரியல் பயின்று அவ்வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அப்போது ஒன்று கேட்டார்: பழத்தை நாமே ஒயினாக்கினால் என்ன?

இக்கேள்வியின் கனம் அவருடைய மாமனாரைக் கண்ட பிறகே எங்களுக்குப் புரிந்தது. கழுத்தில் துளசி மாலை அணிந்த வார்க்கரி அவர். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் வரை நடந்தே சென்று வருபவர், மதுவைத் தொடாதவர். மருமகளின் கேள்விக்கு அவர் பல நாட்கள் விடையளிக்கவில்லையாம். பின்னர் ஒருநாள், நிலத்தின் பத்திரத்தைக் கொண்டுவந்து வங்கிக் கடனுக்கு வைத்துக்கொள்ளுமாறு கொடுத்துவிட்டு, "அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் என்னை அழைக்காதே" என்றார். இன்றுவரை அவர் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

அந்தக் கட்டடத்தினுள் குளிரூட்டப்பட்ட எஃகுக் கலன்கள் வரிசையாக நிற்கின்றன. பத்து நாட்களுக்கு முன் அறுத்த செனின் பிளாங்க் என்னும் வெண்திராட்சையின் சாறு ஒன்றில் நொதித்துக்கொண்டிருந்தது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. காற்றினும் கனமான அவ்வாயு தரையோடு தேங்கி உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதால், உள்ளே நுழையுமுன் காற்றாடிகளைச் சிறிது நேரம் ஓடவிட்டார் தாயி. நாங்கள் ஒயினைச் சுவைத்தோமா என்று கேட்கும் வாசகர்களுக்கு: ஒரு மிடறு, அதுவும் துப்புவதற்கான கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி.

பின்னால் சில ஓக் மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் 225 லிட்டர். செவ்வொயின் இவற்றில் ஓராண்டு உறங்குகிறது. கடன் வாங்கித் தொழில் செய்வோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவென்று எங்களுக்குத் தோன்றியது. கொடி நட்டு ஒழுங்கான விளைச்சல் காண மூன்று ஆண்டுகள், பீப்பாயில் ஓராண்டு, புட்டியில் சில மாதங்கள். வட்டியோ முதல் மாதமே ஓடத் தொடங்கிவிடும். "முதல் மூன்று ஆண்டுகள் செவ்வொயினை மட்டுமே கனவு கண்டேன், தவணை தவறியது" என்றார் தாயி, சற்றும் ஒளிக்காமல். அதன்பின் நிலத்தில் ஒரு பகுதியை மீண்டும் உண்ணும் திராட்சைக்கே திருப்பினார். சில மாதங்களிலேயே விற்பனைக்கு வரும் வெண்ணொயினைப் பெருக்கினார். அந்தப் பணம் தவணையைக் கட்ட, செவ்வொயின் தன் போக்கில் முதிர்கிறது.

மாலையில் பாக்ரி ரொட்டியும் பிட்லாவும் உண்டுகொண்டிருந்தபோது தாயி தம் முடிவைச் சொன்னார். ஷிராஸ் தோட்டத்தில் பாதியை இன்றிரவே அறுப்பது, மறுபாதியை விட்டுவைப்பது. 22 பிரிக்ஸ் பழத்தில் நல்ல செவ்வொயின் வராது. ஆயினும் அதன் தோலைச் சாற்றில் ஊறவிடாமல் உடனே பிழிந்துவிட்டால் இளஞ்சிவப்பு ஒயின் ஆகும். புளிப்பு நிற்பது அதற்கு நன்மையே. மழை பொய்த்தால் மறுபாதி நல்ல செவ்வொயினாகும். மழை வந்தால், மறுபாதி போகும்.

அதிகாலை இரண்டு மணிக்கு, நெற்றியில் விளக்குக் கட்டிய பெண்கள் வரிசை வரிசையாகத் தோட்டத்துக்குள் இறங்கினர். குளிரில் அறுத்த பழம் சாறு கெடாமல் ஆலை சேரும். கத்தரிக்கோல் ஒலியைத் தவிர வேறு பேச்சில்லை. விடியும் முன்னரே பிழிபொறி இயங்கத் தொடங்கியது.

பொறியிலிருந்து இறங்கிய முதல் சாற்றைப் பித்தளைத் தம்ளரில் பிடித்துக்கொண்டு தாயி வீட்டை நோக்கி நடந்தார், நாங்களும் பின்தொடர்ந்தோம். நொதிக்காத சாறு மதுவன்று. ஆண்டுதோறும் ஒவ்வோர் அறுவடையிலும் முதல் தம்ளர் திண்ணையில் அமர்ந்திருக்கும் மாமனாருக்கே. அவர் அதை மெல்ல அருந்திவிட்டு, எந்தப் பாத்தியின் பழம், எத்தனை நாள் முந்தியது அல்லது பிந்தியது என்று சொல்வார். கருவி காட்டிய எண்ணுக்கு அருகில் அதையும் மருமகள் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பதினைந்து ஆண்டுகளின் பக்கங்களை எங்களுக்குப் புரட்டிக் காட்டினார். பெரும்பாலும் இரண்டும் ஒத்தே இருந்தன.

பெரியவர் தம்ளரைக் கீழே வைத்தார். "கிணற்றுப் பக்கத்துப் பழம். நான்கு நாள் முந்திவிட்டாய்" என்றார்.

"ஆம், பாபா" என்றார் தாயி.

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கலையவில்லை. "மீதியை இருக்கவிடு" என்று கூறிவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தந்தார். தாயி பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.