கடிகாரத்தோடு போட்டி, கன்டெய்னரோடு பயிற்சி

2016 அக்டோபரில் கத்தாரின் தோஹாவில் நடந்த உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பில், ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டியிடும் டைம் டிரையல் பிரிவில் இரண்டு இந்தியர்கள் ஓட்டினார்கள். ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் அர்விந்த் பன்வர், மற்றவர் பெங்களூரின் நவீன் ஜான். 40 கிலோமீட்டர் தூரம், வளைகுடா வெயில். முன்னால் ஒதுங்கிக்கொள்ள இன்னொரு வீரரின் முதுகும் இல்லை. ஜெர்மனியின் டோனி மார்ட்டின் 44 நிமிடம் 42 விநாடிகளில் முடித்து, நான்காவது முறையாக உலகப் பட்டம் வென்றார். நம்மவர்கள் இருவரும் பதக்கத்துக்கு வெகு தொலைவில் வந்தார்கள்.

அந்த இடத்துக்கு நவீன் ஜான் வந்த வழி நேரானதல்ல. குவைத்தில் பிறந்தவர், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். பந்தய சைக்கிள் அறிமுகமானது அங்கேதான். வேலைக்காக பெங்களூர் வந்தவர், நகரத்துக்கு வெளியே நடக்கும் அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டிப் பார்த்து, பிறகு வேலையையே விட்டார். பெல்ஜியம் போய், ஊருக்கு ஊர் நடக்கும் சுற்றுப் பந்தயங்களில் அடிபட்டுக் கற்றார். ஆஸ்திரேலிய அணி ஒன்றில் இடம் பிடித்தார். தேசிய டைம் டிரையல் பட்டம் ஒருமுறைக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

இதே ஆசை தூத்துக்குடியின் மில்லர்புரத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ வந்தால் எந்தச் சாலையில் ஓட்டுவது?

இயற்கை தூத்துக்குடிக்குக் குறை வைக்கவில்லை. மில்லர்புரத்தைத் தொட்டுப் போகும் பாளையங்கோட்டை சாலையைப் பிடித்தால் மூன்றாவது மைல், கோரம்பள்ளம், வாகைக்குளம் என்று மேற்கே தட்டையான நிலம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று மூஞ்சியில் அறையும். டைம் டிரையல் பழக இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. போகும்போது எதிர்காற்றில் 20 கிலோமீட்டரை மணிக்கு 30 வேகத்தில் ஓட்டி, திரும்பும்போது 50 வேகத்தில் பறந்தாலும் மொத்தம் 64 நிமிடம் ஆகும். சீராக 40 வேகத்தில் ஓட்டியவருக்கு 60 நிமிடம்தான். எதிர்காற்றில் தொலைத்த நேரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. அதனால் தெம்பை எதிர்காற்றில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். இந்தக் கணக்கு காலுக்குப் படிய மாதக்கணக்கில் ஒரே சாலையில் ஓட்ட வேண்டும்.

அந்தச் சாலையில்தான் கன்டெய்னர் லாரியும் போகிறது, உப்பு லாரியும் போகிறது, காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் நீள டிரெய்லரும் வருகிறது. துறைமுக ஊரில் லாரி ஓடத்தான் செய்யும். ஓட்டுநர்களைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் டைம் டிரையல் வீரர் உட்காரும் விதத்தை யோசித்துப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி தேவை. அதனால் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முழங்கைகளை ஏரோ பார் என்னும் முன்கைப்பிடியின் மெத்தையில் ஊன்றி, கைகளை முன்னால் நீட்டிக்கொள்கிறார். அந்த நீட்டிய கைகளுக்கு எட்டும் இடத்தில் பிரேக் இல்லை. அது பக்கவாட்டுக் கைப்பிடியில் இருக்கிறது. கையை மாற்றிப் பிடிக்கும் அந்த ஒரு விநாடிக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 11 மீட்டர் தாண்டிவிடுவார்.

2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள். இந்தச் சாலைகளை நம்பி யார் வீட்டில் பிள்ளையை அனுப்புவார்கள்?

டைம் டிரையல் பந்தயம் பிறந்ததே சாலைச் சண்டையால்தான். 1890களில் இங்கிலாந்தில் கும்பலாக விரைந்த சைக்கிள்களால் குதிரை வண்டிகள் மிரண்டன, போலீஸ் தலையிட்டது. கும்பல் கண்ணை உறுத்துகிறதென்றால் ஒவ்வொருவராக அனுப்பி நேரத்தைக் குறிப்போம் என்று பிட்லேக் என்பவர் யோசனை சொல்ல, 1895 அக்டோபர் 5 அன்று 50 மைல் போட்டி நடந்தது.

அந்த மரபில் வந்தவர் கிறிஸ் போர்ட்மேன். விர்ரல் கடலோரத்தின் ஹாய்லேக்கில் வளர்ந்த மரவேலைக்காரர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம், 1994இல் முதன்முதலாக நடத்தப்பட்ட உலக டைம் டிரையல் பட்டம், அதே ஆண்டு டூர் தெ பிரான்ஸின் தொடக்கப் பந்தயத்தில் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் வேகம் என்று எல்லாம் பார்த்தவர். 2016இல் அவருடைய தாயார் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்தார். அடுத்த ஆண்டே கிரேட்டர் மான்செஸ்டரில் சைக்கிள், நடைபாதை வசதிகளுக்கான ஆணையர் பொறுப்பை ஏற்றார் போர்ட்மேன். அவர் வென்ற பதக்கங்களைவிட இந்தப் பொறுப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சைக்கிளை வாழ்க்கையாகக் கொண்ட தேசங்களிலும் இந்த ஆபத்து விடவில்லை. இத்தாலிய வீரர் மிக்கேலே ஸ்கார்போனி 2017இல் வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சியில் இருந்தபோது வேன் மோதி இறந்தார். 2022 நவம்பரில் இன்னொரு இத்தாலிய வீரர் டாவிடே ரெபெல்லின் லாரி மோதி இறந்தார்.

வீட்டுக்குள்ளேயே டிரெய்னரில் சைக்கிளை மாட்டி மிதிக்கலாமே என்பவர்கள் உண்டு. பல லட்சம் ரூபாய் சைக்கிள் வாங்க முடிந்தவர்களுக்கான விளையாட்டுக்கு ஊர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பவர்களும் உண்டு. டிரெய்னரில் மூச்சும் தெம்பும் வளரும், கச்சானைப் பழக முடியாது. பல லட்சம் பிற்பாடு வரும் செலவு. அதற்கு முன்னால் சாதாரண சைக்கிளில் திறமை தெரிய வேண்டும், அது தெரியச் சாலை வேண்டும்.

தூத்துக்குடி தருவை மைதானத்தில் ஓடலாம், தாண்டலாம். அங்கே 20 கிலோமீட்டர் நேர்கோடு கிடைக்காது. புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணி முதல் 7 மணி வரை, லாரிகளுக்கு மாற்றுவழி உள்ள ஒரு சாலையின் ஒரு பக்கத்தைத் தடுப்பு வைத்து ஒதுக்கினால் போதும். இரண்டு முனையிலும் போலீஸ்காரர் ஒருவர், ஒரு ஆம்புலன்ஸ், கையில் ஸ்டாப் வாட்சோடு ஒரு பி.டி. வாத்தியார் இருந்தால் பந்தயமே நடத்திவிடலாம். மில்லர்புரத்து வாசகர்களே, அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலர் எதிர்ப்பட்டால் சாக்கடையையும் தெருவிளக்கையும் கேட்கும் கையோடு இந்த இரண்டு மணி நேரத்தையும் கேட்டு வையுங்கள்.