கப்பலை இழுக்கும் கப்பல்!
கவிஞர் தாகூரின் தாத்தா நடத்திய கம்பெனி

செஞ்சிக் கோட்டையைச் சுற்றி மலைகள் உண்டு, கடல் கிடையாது. ஆனாலும், இழுவைக் கப்பலின் வேலை செஞ்சி மக்களுக்கு எளிதில் விளங்கும். பாரவண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? இன்னொரு ஜோடி மாட்டை முன்னால் பூட்டி இழுப்பார்கள் அல்லவா? பெரிய கப்பலுக்கு அந்த உதவியைச் செய்வதுதான் இழுவைக் கப்பல். உருவத்தில் சிறியது, இழுப்பதில் பலசாலி!

நம் நாட்டில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கியவர் துவாரகநாத் தாகூர். கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா இவர்.

ஆபத்தான ஆறு

கல்கத்தா துறைமுகம் கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றில் சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே வரவேண்டும். வழியெல்லாம் மணல்திட்டுகள். 1694ல் ஒரு கப்பல் மூழ்கிய திட்டுக்கு, அந்தக் கப்பலின் பெயரே நிலைத்துவிட்டது: "ஜேம்ஸ் அண்டு மேரி"!

பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பி வந்த காலம் அது. காற்று நின்றால் கப்பலும் நிற்கும். காற்று மாறினால் ஆபத்து!

வந்தது நீராவிக் கப்பல்

1829ல் "ஃபோர்ப்ஸ்" என்ற நீராவி இழுவைக் கப்பல் கட்டப்பட்டது. மறு ஆண்டே அது ஒரு பாய்மரக் கப்பலை இழுத்துக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்டது. கரி குறைந்துபோனதால், நடுவழியில் கயிற்றை அவிழ்த்துவிட நேர்ந்தது.

ஃபோர்ப்ஸை வைத்திருந்த கம்பெனி 1833ல் நொடித்தது. 1834ல் துவாரகநாத், வெள்ளைக்கார வியாபாரி வில்லியம் காருடன் சேர்ந்து "கார், தாகூர் கம்பெனி"யைத் தொடங்கினார். இந்தியரும் ஆங்கிலேயரும் சரிசமமான கூட்டாளிகள்! இந்தக் கம்பெனி ஃபோர்ப்ஸை வாங்கியது. பலரிடம் பங்குப் பணம் திரட்டி, "கல்கத்தா நீராவி இழுவைக் கப்பல் சங்க"த்தை அமைத்தது.

கரியும் கையில்!

கரி இல்லாவிட்டால் நீராவிக் கப்பல் வெறும் இரும்பும் மரமும்தான். இதைத் துவாரகநாத் நன்றாக அறிந்திருந்தார். 1836ல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கினார். கரி, தாமோதர் ஆற்றில் படகேறிக் கல்கத்தாவுக்கு வந்தது. 1843ல் வங்காள நிலக்கரிக் கம்பெனியும் உருவாயிற்று. கப்பலும் அவர் நிர்வாகத்தில். கப்பல் தின்னும் கரியும் அவர் நிர்வாகத்தில்!

விழுந்தது கம்பெனி

1846ல் துவாரகநாத் லண்டனில் காலமானார். கம்பெனிக்கோ கடன் ஏராளம். 1848 தொடக்கத்தில், கடன் கொடுத்து வந்த யூனியன் வங்கி மூழ்கியது. கார், தாகூர் கம்பெனியும் அந்த நெருக்கடியில் விழுந்தது.

குடும்பச் சொத்தில் ஒரு பகுதியைத் துவாரகநாத் முன்பே தனியாக எழுதி வைத்திருந்தார். சட்டப்படி, கடன் கொடுத்தவர்கள் அதைத் தொட முடியாது. ஆனால் மகன் தேவேந்திரநாத் அதன் பின்னால் ஒளியவில்லை. "இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்வந்தார். ஆடம்பரத்தைக் குறைத்தார். பல ஆண்டுகள் பாடுபட்டுக் கடனை அடைத்தார். அவருடைய மகன்தான் கவிஞர் ரவீந்திரநாத்.

தந்தை தேடிய செல்வம் போயிற்று. குடும்பத்தின் நாணயம் போகவில்லை!